மலையுச்சி ஆன்டெனாவிலிருந்து மாதச் சந்தா வரை

வீட்டுக்குள் ஒரு கம்பியை இழுத்து, அதன் வழியே பாட்டும் செய்தியும் நாடகமும் அனுப்பி, மாதாமாதம் சந்தா வசூலிக்கும் தொழில் டிவியைவிட வயதில் மூத்தது. 1881இல் பாரிஸில் ஒரு மின்சாரக் கண்காட்சி நடந்தது. கிளெமன் அடேர் என்ற பொறியாளர் ஆப்பரா மேடையின் ஓரத்தில் டெலிபோன் ஒலிவாங்கிகளைப் பொருத்தி, கண்காட்சிக்கு வந்தவர்களின் காதுக்குப் பாட்டைக் கொண்டுபோனார். ஒன்பதே ஆண்டில் அது 'தியேட்டரோஃபோன்' என்ற கம்பெனியாக வளர்ந்துவிட்டது. ஹோட்டல்களிலும் காபிக் கடைகளிலும் காசு போட்டுக் கேட்கும் பெட்டிகள் வந்தன. வசதி உள்ளவர்கள் வீட்டுக்கே இணைப்பு வாங்கினார்கள். நாவலாசிரியர் மார்செல் புரூஸ்த் அப்படி வாங்கியவர்களில் ஒருவர்.

1893 பிப்ரவரியில் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் திவாதர் புஷ்காஷ் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். 'டெலிஃபோன் ஹிர்மோண்டோ' என்பது அவருடைய சேவையின் பெயர். காலையில் செய்தி, பகலில் பங்குச் சந்தை விலை, மாலையில் இசை, வாரத்தில் ஒருநாள் குழந்தைகளுக்கான நிகழ்ச்சி என நேரம் குறித்த அட்டவணையோடு அது நடந்தது. தொடங்கிய மறு மாதமே புஷ்காஷ் இறந்துபோனார். ஆனால் சேவை நிற்கவில்லை, அவருக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஓடியது. இதைப் பார்த்து ரோமில் ஒரு நகல் முளைத்தது. அமெரிக்காவின் நியூவார்க்கில் 1911 அக்டோபரில் இன்னொன்று முளைத்து, அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே காசில்லாமல் நின்றுபோனது.

பிறகு வானொலி வந்தது. கம்பியும் வேண்டாம், மாதச் சந்தாவும் வேண்டாம் என்ற நிலையில் கம்பி வைத்துப் பிழைத்தவர்கள் பெரும்பாலும் ஒதுங்கிக்கொண்டார்கள். அதோடு கம்பியின் கதை முடிந்திருக்க வேண்டியது. அதற்கு மறுபிறவி கொடுத்தது ஒரு மலை.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மகனாய் சிட்டி என்ற சின்ன நிலக்கரி ஊர் இருக்கிறது. சுற்றிலும் மலை. ஜான் வால்சன் என்பவர் அங்கே வீட்டு உபயோகப் பொருள் கடை வைத்திருந்தார். டிவி பெட்டிகளையும் வாங்கி அடுக்கினார், ஆனால் யாரும் வாங்கவில்லை. பிலடெல்பியா நிலையங்களின் அலைகள் மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டால், படம் தெரியாத பெட்டியை யார் வாங்குவார்கள்? வால்சன் மலைமேல் ஒரு ஆன்டெனா நட்டு, அங்கிருந்து கீழே ஊருக்குள் கம்பி இழுத்து, கடையில் படம் காட்டினார். கம்பி போன வழியில் இருந்த வீடுகளுக்கும் இணைப்பு கொடுத்தார். இது 1948 ஜூனில் நடந்தது என்பது அவர் சொன்ன கணக்கு. சான்று கேட்டால், ஆவணங்கள் தீ விபத்தில் எரிந்துவிட்டன என்றார்.

அதனால் 'முதல் கேபிள்காரர்' பட்டத்துக்குப் போட்டி இன்றுவரை தீரவில்லை. அதே ஆண்டு, நாட்டின் மறுகோடியில் ஓரிகன் மாநிலத்தின் அஸ்டோரியாவில் எட் பார்சன்ஸ் என்பவரின் மனைவி கிரேஸ் டிவி பார்க்க ஆசைப்பட்டார். சியாட்டில் நிலையமோ ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. பார்சன்ஸ் ஒரு ஹோட்டலின் மொட்டை மாடியில் ஆன்டெனா வைத்து, எதிரே இருந்த தன் வீட்டுக்குக் கம்பி இழுத்தார். 1948 நவம்பரில் படம் தெரிந்தது. செய்தி பரவி ஊர்க்காரர்கள் வீட்டில் வந்து நிறைந்துவிட்டதால், கம்பியை ஹோட்டல் கூடத்துக்கும் கடைக்கும் நீட்ட வேண்டியதாயிற்று. ஒருவர் பெட்டி விற்கவும் இன்னொருவர் மனைவி ஆசைப்பட்டதற்காகவும் செய்த காரியம், பிற்பாடு உலகம் முழுவதும் தெருக்கம்பங்களில் தொங்கப்போகும் ஒரு தொழிலாயிற்று.

அரசாங்கம் எடுத்த ஒரு முடிவும் தெரியாமலேயே கேபிளுக்கு உதவியது. நிலையங்களின் அலைவரிசைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன என்று அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 1948 செப்டம்பரில் புதிய டிவி நிலையங்களுக்கு அனுமதி தருவதை நிறுத்திவைத்தது. சில மாதங்களில் முடியும் என்று நினைத்த தடை 1952 ஏப்ரல் வரை நீண்டது. ஊருக்கு நிலையம் வராது என்று தெரிந்ததும் மக்கள் கம்பியைத் தேடிப் போனார்கள். 1950இல் பென்சில்வேனியாவின் லான்ஸ்ஃபோர்டில் ராபர்ட் டார்ல்டன் நண்பர்களைச் சேர்த்து முறையாகத் தொழில் தொடங்கினார். இணைப்புக்கு 125 டாலர், மாதம் 3 டாலர். அவருக்குக் கருவிகள் செய்து கொடுத்த மில்டன் ஷாப் பின்னாளில் அந்த மாநிலத்துக்கே ஆளுநரானார்.

இந்தக் கட்டத்தில் கேபிள்காரர் எதையும் தயாரிக்கவில்லை. காற்றில் இலவசமாக வருவதைப் பிடித்துக் கம்பியில் விடுகிறார், அவ்வளவுதான். எங்கள் படத்தைக் காட்டிக் காசு பார்க்கிறார்கள் என்று யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸ் நிறுவனம் வழக்குப் போட்டது. 1968இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கேபிள்காரர் பக்கம் நின்றது. பார்வையாளர் தன் கூரையில் செய்வதை இவர் மலையில் செய்கிறார், இதில் பதிப்புரிமை மீறல் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். 1976இல் சட்டம் மாறி, கேபிள்காரர்களும் உரிமைத்தொகை கட்ட வேண்டும் என்றாயிற்று. இந்த வழக்கை நினைவில் வைத்திருங்கள், ஏறத்தாழ ஐம்பது ஆண்டு கழித்து இதே கேள்வி வேறு வேடத்தில் வரும்.

1972 நவம்பர் 8 அன்று கேபிளின் குணமே மாறியது. சார்ல்ஸ் டோலன் தொடங்கிய ஹெச்பிஓ என்ற கட்டணச் சேனல் அன்றுதான் முதல் ஒளிபரப்பைச் செய்தது. எந்த ஊரில்? பென்சில்வேனியாவின் வில்க்ஸ்-பாரி நகரில். யாருடைய கேபிளில்? நம் ஜான் வால்சனுடையதில். முதல் நாள் சந்தாதாரர்கள் 365 பேர். காற்றில் கிடைக்காத ஒன்றுக்காக, விளம்பரமில்லாத படத்துக்காக, தனியாகக் காசு கொடுக்க மக்கள் தயார் என்பது அன்று தெரிந்தது. இன்று நாம் ஓடிடிக்குக் கட்டும் சந்தாவுக்கு அந்த 365 வீடுகள்தான் மூதாதையர்.

அமெரிக்க நேரப்படி 1975 செப்டம்பர் இறுதியில் மணிலாவில் முகமது அலியும் ஜோ ஃபிரேசியரும் மோதிய குத்துச்சண்டையை ஹெச்பிஓ செயற்கைக்கோள் வழியாக ஃபுளோரிடாவுக்கும் மிசிசிப்பிக்கும் நேரலையில் கொண்டுபோனது. இதைப் பார்த்த டெட் டர்னர், அட்லாண்டாவில் தனக்கிருந்த ஒரு சின்ன நிலையத்தை 1976 டிசம்பரில் செயற்கைக்கோளில் ஏற்றி நாடெங்கும் விட்டார். 1980இல் சிஎன்என் தொடங்கினார். ஈஎஸ்பிஎன், எம்டிவி என்று வரிசை கட்டி வந்தன. சேனல்காரர்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் இவ்வளவு என்று கேபிள்காரரிடம் வாங்கினார்கள், கேபிள்காரர் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி வீட்டுக்காரரிடம் வசூலித்தார். கிரிக்கெட்டின் வாசனையே தெரியாத வீடும் விளையாட்டுச் சேனலுக்குக் காசு கட்டும் நம்மூர் வழக்கம் இந்தக் கட்டிலிருந்து வந்ததுதான்.

மணிலா குத்துச்சண்டைக்கு இரண்டு மாதம் முன்பு, 1975 ஆகஸ்ட் 1 அன்று, இந்தியாவிலும் வானிலிருந்து டிவி இறங்கியது. அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை ஓராண்டுக்குக் கடன் வாங்கி, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு வேளாண்மை, சுகாதாரம், பள்ளிப்பாடம் காட்டினார்கள். கோழிக்கூண்டுக்குப் போடும் கம்பிவலையால் செய்த பத்தடி டிஷ்தான் அலையைப் பிடித்தது. அப்படி ஒரு டிஷ்ஷை இந்திய விஞ்ஞானிகள் கொழும்பில் ஒரு வீட்டு மொட்டை மாடியிலும் கொண்டுபோய் வைத்தார்கள். வீட்டுக்காரர் ஆர்தர் சி. கிளார்க். செயற்கைக்கோள் வழியாக உலகம் முழுவதும் ஒளிபரப்பலாம் என்று 1945இலேயே கட்டுரை எழுதியவர். இலங்கையில் டிவி நிலையமே இல்லாத காலம் அது.

இலங்கையில் ரூபவாஹினி 1982 பிப்ரவரியில் தொடங்கியது. அதன் தலைமைக் கோபுரம் அந்தத் தீவின் மிக உயரமான பிதுருதலாகலை மலையில் இருந்ததால், அலை கடல் தாண்டித் தமிழகக் கரைக்கும் வந்தது. தூர்தர்ஷன் தெளிவாக எட்டாத தென்கடலோர ஊர்களில் நீளக் குழாயில் ஆன்டெனாவைக் கட்டி, ஒருவர் மாடியில் நின்று திருப்ப, இன்னொருவர் கீழேயிருந்து "வருது, வருது... அப்படியே விடு" என்று குரல் கொடுத்து ரூபவாஹினி பார்த்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. பென்சில்வேனியாவில் மலை மறித்தது, இங்கே மலையே கொண்டுவந்து கொடுத்தது.

நம்மூர் கேபிள் ஆன்டெனாவில் பிறக்கவில்லை, டெக்கில் பிறந்தது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி கலர் டிவி வந்தது, கூடவே வீடியோ டெக் வந்தது. வாடகைக்கு டெக் எடுத்து விடிய விடியப் படம் பார்ப்பது திருவிழாவானது. பம்பாய் அடுக்குமாடிகளில் யாரோ ஒருவர் கணக்குப் போட்டார்: ஒரு டெக், ஒரு கேசட், ஐம்பது வீட்டுக்குக் கம்பி. தமிழ்நாட்டின் நகரங்களிலும் இந்தக் கணக்கு விரைவாகப் பரவியது. கேசட் வாடகைக்கு விட்ட கடைகளின் பின்னறைகள் கட்டுப்பாட்டு அறைகளாயின. கூரைமேல் டிஷ் ஏறியது அதற்கு அப்புறம்தான்.

ஏற வைத்தது 1991 ஜனவரியின் வளைகுடாப் போர். சிஎன்என் போரை நேரலையில் காட்ட, பெருநகர ஹோட்டல்களில் அதைப் பார்த்தவர்கள் வீட்டிலும் வேண்டும் என்றார்கள். அதே ஆண்டு ஹாங்காங்கிலிருந்து ஸ்டார் டிவி வந்தது. அதைச் சுமந்த ஏசியாசாட்-1 செயற்கைக்கோளின் முன்கதை, இந்தப் பயணம் முழுவதிலும் என்னை மிகவும் வியக்கவைத்த விபத்து. அது முதலில் வெஸ்டார்-6 என்ற பெயரில் 1984 பிப்ரவரியில் சேலஞ்சர் விண்ணோடத்தில் மேலே போனது. மோட்டார் பழுதாகி, போகவேண்டிய உயரத்துக்குப் போகாமல் வீணாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நவம்பரில் டிஸ்கவரி விண்ணோடத்தில் போன வீரர்கள் அதைக் கையால் பிடித்து உள்ளே ஏற்றினார்கள். விண்வெளியிலேயே 'விற்பனைக்கு' என்று எழுதிய அட்டையைப் பிடித்துப் புகைப்படமும் எடுத்துக்கொண்டார்கள். உண்மையிலேயே விற்றது. பழுது நீக்கி, 1990 ஏப்ரலில் சீன ராக்கெட்டில் மறுபடி ஏற்றினார்கள். தவறிப்போன அந்த ஒரு செயற்கைக்கோள் ஆசியாவின் வரவேற்பறைகளை மாற்றிவிட்டது.

1992 அக்டோபரில் ஜீ டிவி, 1993 தமிழ்ப் புத்தாண்டு நாளில் சன் டிவி. சன் டிவியைத் தொடங்கிய கலாநிதி மாறன் அதற்கு முன்பு 'பூமாலை' என்ற வீடியோ இதழைக் கேசட்டில் நடத்தியவர். அதாவது தமிழ்ச் சேனலும் டெக்கின் வாரிசுதான். இந்திய மண்ணிலிருந்து தனியார் மேலே ஒளிபரப்பை அனுப்ப அனுமதி இல்லாததால், ஜீயின் நாடாக்கள் ஹாங்காங்குக்கு விமானத்தில் பறந்து, அங்கிருந்து வானுக்கு ஏறி, நம் வீட்டுக்கு இறங்கின.

அந்தக் கறுப்புக் கேபிளைப் பிளேடால் சீவிப் பார்க்காத கை தொண்ணூறுகளில் குறைவு. மேலே கறுப்புத் தோல், உள்ளே பின்னிய வெள்ளிநிறக் கம்பி வலை, அதற்குள் வெள்ளை பிளாஸ்டிக், நடுவில் ஒற்றைச் செம்புக்கம்பி. வலையின் ஓர் இழை செம்பைத் தொட்டாலும் திரையில் புள்ளி மழை பெய்யும். மாதம் பிறந்தால் நோட்டும் பேனாவுமாக வாசலில் நிற்பவரும், மழையில் கனெக்‌ஷன் போனால் சுவரேறி மாடிக்கு மாடி தாவுகிறவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். அவருடைய சின்ன அறையில் சேனலுக்கு ஒரு பெட்டி என்று ரிசீவர்கள் அடுக்கியிருக்கும். லோக்கல் சேனலில் இரவு புதுப்படம் ஓடும், அடியில் யாருடைய பிறந்தநாள் வாழ்த்தோ ஊர்ந்து போகும். 1994 செப்டம்பரில் அவசரச் சட்டமும் 1995இல் கேபிள் டிவி சட்டமும் வந்தபோது, ஆபரேட்டர்கள் பதிவுசெய்ய வேண்டிய இடம் தலைமை அஞ்சலகம் என்றார்கள். அதுவரை இந்தத் தொழிலுக்குப் பொருந்தியிருந்தது 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம்.

தமிழ்நாட்டில் கேபிள் அரசியலோடும் பிணைந்தது. 2003இல் செட்டாப் பாக்ஸ் கட்டாயத் திட்டத்தைப் பெருநகரங்களில் கொண்டுவர முயன்றபோது நிலைத்தது சென்னையில்தான். 2006க்குப் பிறகு அரசு ஒரு கோடிக்கும் மேற்பட்ட இலவச கலர் டிவிகளைக் கொடுத்தது. பெட்டி வந்த வீட்டுக்குக் கம்பியும் தேவைப்பட்டது. 2007இல் உருவான அரசு கேபிள் நிறுவனம் 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு கொடுக்கத் தொடங்கியது. உலகின் மிக மலிவான கேபிள் இணைப்புகளோடு இதை வைக்கலாம். 

கதையின் மறுபாதி 1972இல் அமெரிக்காவின் கான்சாஸில் தொடங்குகிறது. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, படங்களைச் சுருக்கும் ஒரு கணித முறையை ஆராயத் தேசிய அறிவியல் அமைப்பிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. அவர் விடாமல், தன் மாணவர் டி. நடராஜனோடும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்ற கே. ஆர். ராவோடும் சேர்ந்து 1974இல் அதை வெளியிட்டார். படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, கண்ணுக்குத் தெரியாத நுணுக்கங்களை விட்டுவிட்டு, தெரிவதை மட்டும் எண்களாக அனுப்பும் வழி அது. செட்டாப் பாக்ஸில் வரும் நூற்றுக்கணக்கான சேனலுக்கும், செல்போனில் ஓடும் படத்துக்கும் அடிப்படை இதுதான். நிதி மறுக்கப்பட்ட அந்த விண்ணப்பம் இல்லாமல் யூடியூபும் இல்லை, நெட்ஃபிளிக்ஸும் இல்லை. இந்த மூவரின் பெயர் நம் பள்ளிப் பாடப்புத்தகத்தில் இருக்க வேண்டும் என்று எனக்கு அழுத்தமாகத் தோன்றுகிறது.

1993 ஜூனில் கலிஃபோர்னியாவின் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்கள் இருந்த ஒரு ராக் இசைக்குழு தங்கள் கச்சேரியை இணையத்தில் நேரலையாக விட்டது. 1995இல் ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் வர்ணனை இணையத்தில் ஓடியது. 1997இல் ரீட் ஹேஸ்டிங்ஸும் மார்க் ராண்டால்ஃபும் டிவிடியைத் தபாலில் வாடகைக்கு அனுப்பலாமா என்று யோசித்தார்கள். சோதனைக்கு டிவிடி கையில் இல்லாததால் ஒரு பழைய இசை சிடியை உறையிலிட்டு ஹேஸ்டிங்ஸின் வீட்டுக்கே தபாலில் போட்டார்கள். உடையாமல் போய்ச் சேர்ந்தது, நெட்ஃபிளிக்ஸ் பிறந்தது. 2000இல் 5 கோடி டாலருக்கு விற்க முன்வந்தபோது பிளாக்பஸ்டர் நிறுவனம் வேண்டாம் என்றது. 2007 ஜனவரியில் தபாலைத் தாண்டி இணையத்தில் படம் காட்டத் தொடங்கினார்கள். அதற்கென்று ஒரு பெட்டியும் தயாராகிவிட்டது. ஆனால் சொந்தப் பெட்டி விற்றால் மற்ற கம்பெனிகள் தங்கள் பெட்டியில் இடம் தரமாட்டார்கள் என்று கடைசி நேரத்தில் கைவிட்டார்கள். அந்தப் பெட்டி 2008 மே மாதம் ரோக்கு என்ற பெயரில் 100 டாலருக்கு வெளியே வந்தது. இன்று டிவிக்குப் பின்னால் நாம் செருகும் ஸ்டிக்குகளுக்கெல்லாம் அது அண்ணன்.

அமெரிக்கக் குடும்பங்கள் கேபிளை வெட்டத் தொடங்கியது இந்தக் கட்டத்தில்தான். 1992இல் வந்த சட்டம், இலவச ஒளிபரப்பு நிலையங்களும் கேபிள்காரரிடம் காசு கேட்கலாம் என்றது. விளையாட்டு உரிமைகளின் விலையும் ஏறியது. கேபிள் பில் மாதம் 100 டாலரைத் தொட்டும் தாண்டியும் போன வீடுகளுக்கு, 8 டாலர் நெட்ஃபிளிக்ஸும் கூரையில் ஓர் ஆன்டெனாவும் போதும் என்று தோன்றியதில் ஆச்சரியமில்லை. 2009 ஜூனில் முழுத்திறன் நிலையங்களின் ஒளிபரப்பு டிஜிட்டலானதால் ஆன்டெனாவிலேயே துல்லியமான படம் இலவசமாகக் கிடைத்தது. 2012இல் நியூயார்க்கில் ஏரியோ என்றொரு நிறுவனம் வந்தது. நடத்தியவர் போபாலில் பொறியியல் படித்த செட் கனோஜியா. நாணயம் அளவேயான ஆயிரக்கணக்கான குட்டி ஆன்டெனாக்களை ஒரே கட்டடத்தில் அடுக்கி, வாடிக்கையாளருக்கு ஒன்று என வாடகைக்கு விட்டு, அதில் பிடித்ததை இணையத்தில் அவருக்கே அனுப்பினார்கள். நான் செய்வது ஆன்டெனா வாடகை மட்டுமே என்று மலையூர்க் கேபிள்காரர் சொன்ன அதே வாதம். 2014 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நீ கேபிள்காரன் போலத்தான் இருக்கிறாய், உரிமைத்தொகை கட்டு என்றது. அந்த ஆண்டே ஏரியோ திவாலானது.

இந்தியாவில் வெட்டுக்கத்தி வேறு வடிவில் வந்தது. 2015 பிப்ரவரியில் ஹாட்ஸ்டார், 2016 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ், அந்த டிசம்பரில் பிரைம் வீடியோ. ஆனால் கதவைத் திறந்தது 2016 செப்டம்பர் 5 அன்று வந்த ஜியோ செல்போன் சேவை. மாதக் கணக்கில் இலவச டேட்டா கிடைத்ததும் பேருந்தில் நின்றபடியே படம் பார்க்கும் வழக்கம் வந்துவிட்டது. 500 ரூபாய்க்குத் தொடங்கிய நெட்ஃபிளிக்ஸ், 2019இல் செல்போனுக்கு மட்டும் 199 ரூபாய்த் திட்டம் கொண்டுவந்து, 2021 டிசம்பரில் அதையும் 149 ஆகக் குறைத்தது. 2017இல் சன் நெக்ஸ்ட் வந்ததும் சன் டிவி சீரியலைத் தவறவிட்டவர்கள் மறுநாள் ஆப்பில் பார்த்தார்கள். இதற்கிடையில் 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராய், சேனலைத் தேர்ந்தெடுத்துக் காசு கட்டுங்கள் என்று கேபிளுக்குப் புது விதி போட்டது. அப்போது முதல் 100 சேனலுக்கு 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு. அதன்மேல் கட்டணச் சேனல்கள் தனி. பல வீடுகளில் பில் குறைவதற்குப் பதிலாக ஏறியது.

பிரிந்தவை திரும்பவும் ஒன்றுசேரத் தொடங்கின. அமெரிக்காவில் 2017இல் 35 டாலருக்கு வந்த யூடியூப் டிவி, 2025 ஜனவரியில் 82.99 டாலர். நெட்ஃபிளிக்ஸின் விளம்பரமில்லாத சாதாரணத் திட்டம் அதே மாதம் 17.99 டாலரானது. விளம்பரமே இல்லை என்று பெருமைப்பட்டவர்கள் 2022 நவம்பரில் விளம்பரத்தோடு மலிவுத் திட்டம் கொண்டுவந்தார்கள். 2023இல் பாஸ்வேர்டை அடுத்த வீட்டோடு பகிர்வதைத் தடுத்தார்கள். இந்தியாவில் 2023இல் ஐபிஎல்லை இலவசமாகக் காட்டிய ஜியோசினிமா, 2025 பிப்ரவரி 14 அன்று ஹாட்ஸ்டாரோடு சேர்ந்து ஜியோஹாட்ஸ்டாரானது, முழு ஆட்டத்துக்குச் சந்தாவும் வந்தது. 2025 மே மாதத்தில் அமெரிக்கர்கள் டிவி பார்த்த நேரத்தில் ஸ்ட்ரீமிங்கின் பங்கு 44.8 சதவீதம் என்று பார்வையாளர் கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனம் கணக்கிட்டது. கேபிளும் சாதாரண ஒளிபரப்பும் சேர்ந்ததை அது முதன்முறையாகத் தாண்டிய மாதம் அதுதான்.

இதில் கேபிள் கம்பெனிகள் அழிந்தனவா என்றால், இல்லை. 1963இல் மிசிசிப்பியின் டுப்பெலோ ஊரில் 1,200 சந்தாதாரர்களோடு தொடங்கிய காம்காஸ்ட் இன்று அமெரிக்காவின் மிகப் பெரிய வீட்டு இணைய நிறுவனங்களில் ஒன்று. கேபிளை நிறுத்திய வீட்டுக்காரர் அதே கம்பெனிக்கு இணையத்துக்காகக் காசு கட்டுகிறார். நம் தெருவிலும் பாருங்கள். கறுப்புக் கேபிள் போன அதே கம்பத்தில், அதே ஆள், இப்போது இணையத்துக்கான ஃபைபர் இழுக்கிறார்.

அதனால் கேபிளை நிறுத்தினால் மிச்சம் என்று அமெரிக்கக் கணக்கை அப்படியே இங்கே எடுத்துவரக் கூடாது. அங்கே வெட்டப்பட்டது 100 டாலர் பில். இங்கே வெட்டப்போவது சில நூறு ரூபாய். ஃபைபர் இணைப்புகள் 399 ரூபாய்த் திட்டத்திலிருந்து தொடங்கின, வரியோடு அதுவே 470 ரூபாயைத் தாண்டும். பிள்ளைகளின் படிப்புக்கோ வேலைக்கோ ஏற்கெனவே ஃபைபர் இருக்கும் வீட்டில்தான் கேபிளை நிறுத்துவது உண்மையான சேமிப்பு. டிவிக்காகவே ஃபைபர் வாங்கும் வீட்டில் செலவு கூடும். செல்போன் டேட்டாவை வைத்துச் சமாளிக்கலாம் என்றால், ஹெச்டி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை போகும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. நாளொன்றுக்கு 2 ஜிபி பேக் அந்தத் தரத்தில் ஒரு படத்தைக்கூட முடிக்காது. மாதக் கட்டணமே வேண்டாம் என்பவர்களுக்கு 2004 முதல் தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் இருக்கிறது. டிஷ்ஷுக்கும் பெட்டிக்கும் ஒருமுறை செலவு, அவ்வளவுதான். ஆனால் அதில் இந்திச் சேனல்களே அதிகம்.

பணக்கணக்கில் வராத ஒன்றும் உண்டு. ரிமோட்டில் எந்த எண்ணை அழுத்தினால் எந்தச் சேனல் என்று பாட்டிக்கு மனப்பாடம். ஆப்பைத் திறந்து, புரொஃபைல் தேர்ந்தெடுத்து, தேடி எடுப்பது அவருக்குப் பிடிபடாமல் போனால், மிச்சம் பிடித்த 200 ரூபாய்க்காக அவருடைய மாலைப்பொழுதைப் பறித்ததாகிவிடும். அப்படிப்பட்ட வீட்டில் அடிப்படை கேபிளை வைத்துக்கொண்டு, கட்டணச் சேனல்களில் பாட்டி பார்ப்பதை மட்டும் விட்டுவைத்து மற்றவற்றை நீக்குவதே சரி என்பேன்.

இந்த நூற்று நாற்பது ஆண்டுக்கும் மேலான கதையில் குடும்பத்துக்குப் புதிதாகக் கிடைத்த உரிமை என்று நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. யார் சுவரும் ஏறாமல், யாரையும் கூப்பிட்டுச் சொல்லாமல், இந்த மாதம் நிறுத்தி அடுத்த மாதம் சேரலாம். விலை ஏறும், கம்பெனிகள் சேரும், பிரியும், அவை நம் கையில் இல்லை. நிறுத்துவது நம் கையில் இருக்கிறது. பலர் ஆட்டோ-பே போட்டுவிட்டு அந்த உரிமையைத்தான் முதலில் விட்டுக்கொடுக்கிறார்கள்.

ஆகவே கேபிளை நிறுத்தும் முன், வீட்டில் யார் என்ன பார்க்கிறார்கள் என்று ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். ஃபைபர் திட்டத்தோடு எந்த ஓடிடி சேர்ந்து வருகிறது என்று கேட்டு, அதற்குத் தனியாகக் கட்டுவதை நிறுத்துங்கள். ஐபிஎல் முடிந்த மறுநாளே விளையாட்டுச் சந்தாவை நிறுத்தலாமா என்று பாருங்கள். ஆட்டோ-பேயை எடுத்துவிடுங்கள். கேபிளை நிறுத்துவதாக முடிவு செய்தால் செட்டாப் பாக்ஸைத் திருப்பிக் கொடுத்து, டெபாசிட் கட்டிய ரசீது இருந்தால் அதைக் காட்டிப் பணத்தைக் கேட்டு வாங்குங்கள்.